புசல்லாவைக்குப் பஸ் வழக்கம்போல் புறப்படும்

வெள்ளிக்கிழமை நிக்காஹ். செவ்வாய்க்கிழமை விடியுமுன் மலை சரிந்தது.

சரிந்த இடம் புசல்லாவைக்கு இரண்டு மைல்கட்டை கீழே. மணப்பெண் மேலே இருந்தாள். மாப்பிள்ளை கீழே, கண்டியில் இருந்தான். நடுவில் இருந்த பாதை பள்ளத்துக்குள் போய்விட்டது. அந்தப் பாதையில் பஸ் விடுவதுதான் மாப்பிள்ளையின் தகப்பனுக்குத் தொழில்.

தகப்பன் நளீர் ஹாஜியார் லொறி ஓட்டிய மனிதர். முதலில் தேயிலைப் பெட்டி ஏற்றினார். பிறகு பெட்டிகளுக்கு மேல் ஆட்களை ஏற்றினார். பிறகு பெட்டிகளை விட்டுவிட்டார். செவர்லே லொறிகளுக்கு மரக்கூடு அடித்து, நெற்றியில் நளீர் மோட்டார் கம்பெனி என்று எழுதி, மக்கத்துக்கும் போய்வந்தார். ஆனாலும் மகன் தாஸிமுக்குப் பெண் கேட்ட இரண்டு வீடுகளில் லொறிக்காரன் என்றே சொல்லி அனுப்பினார்கள். மூன்றாவது வீடு ஸெய்னுலாப்தீனுடையது. புசல்லாவைக் கடைவீதியில் அவருடைய தராசைப் பற்றி எவரும் ஒரு சொல் சொன்னதில்லை. அவர் தன் மகள் றமீஸாவைத் தருவதாகச் சொன்ன வாரம் ஹாஜியார் பஸ்களுக்கெல்லாம் புதிதாகப் பச்சைச் சாயம் பூசினார். இதுவும் தவறினால் நாலாவது வாசலில் செருப்பைக் கழற்ற முடியாது. அது அவருக்குத் தெரியும்.

கம்பெனியின் வாய் முத்துலிங்கம். பருத்தித்துறைக்காரர். கண்டியில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பித்தவர். தலைமை ஆசிரியரின் ஆண்டறிக்கையை, கேட்காமலே திருத்திக் கொடுத்ததால் வேலை போயிற்று. ஹாஜியார் அவரை மாஸ்டர் என்பார். பஸ் நிலையத்துப் பலகையில் அறிவித்தல் எழுதுவது, பத்திரிகையில் வரும் முறைப்பாடுகளுக்கு மறுமொழி எழுதுவது, காலையில் ஊர்களிலுள்ள முகவர்களுக்குத் தந்தி அடிப்பது, இவ்வளவும் அவர் வேலை. மூன்று மொழிகளில் எழுதுவார். மூன்றிலும் ஒன்றும் சொல்லாமல் எழுத வல்லவர்.

செவ்வாய் காலை அவர் பலகையில் எழுதியது, சீரற்ற காலநிலையை முன்னிட்டுப் பயணிகள் பொறுமை காக்க வேண்டும் என்பது. ஹாஜியார் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பொறுமை என்ற சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. பொறுமை என்றால் பஸ் இல்லை என்று சனம் விளங்கிக்கொள்ளும். பக்கத்தில் நிற்கும் மற்றக் கம்பெனியின் பஸ்ஸில் ஏறிவிடும்.

மற்றக் கம்பெனிக்கும் அதே பாதைதான். அதே மண்தான். ஆனால் ஓடவில்லை என்று முதலில் சொல்பவன் தோற்றவன் என்பது கண்டி பஸ் நிலையத்தில் எழுதப்படாத சட்டம். இரண்டு முதலாளிகளும் மற்றவர் முதலில் சொல்வார் என்று காத்திருந்தார்கள்.

முத்துலிங்கம் பலகையைத் துடைத்தார். மீண்டும் எழுதினார். புசல்லாவைக்குப் பஸ் வழக்கம்போல் புறப்படும்.

எழுதிவிட்டு இரண்டடி பின்னால் நின்று பார்த்தார். அவருக்குத் திருப்தியாக இருந்தது. பஸ் புறப்பட்டது. பேராதனைப் பாலத்தைத் தாண்டிக் கம்பளைக்குப் போனது. கம்பளையில் சாரதி பளீல் இறங்கித் தேநீர் குடித்தான். மற்றக் கம்பெனியின் சாரதியும் அதே வாங்கில் இருந்து குடித்தான். பயணிகள் பஸ்களுக்குள் இருந்தார்கள். பின்னேரம் இரண்டு பஸ்களும் ஏற்றிவந்த ஆட்களை அப்படியே கொண்டுவந்து கண்டியில் இறக்கின.

புதன்கிழமையும் அப்படியே.

அந்தப் பஸ்ஸில் இரண்டு நாளும் போய் இரண்டு நாளும் வந்தவர்களில் அங்கம்மா ஒருத்தி. புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். கண்டி ஆஸ்பத்திரியில் தங்கையைப் பார்க்க வந்தவள். புதன் மாலை பஸ்ஸைவிட்டு இறங்கி நேராகப் பலகையிடம் வந்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. முத்துலிங்கத்திடம் நாளைக்கு எப்படி என்று கேட்டாள். புறப்படும் என்றார்.

"அது தெரியுதுங்க. புறப்பட்டதுல நாங்கதான இருந்தோம்," என்றாள் அங்கம்மா.

முத்துலிங்கம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அவள் பஸ் நிலையத்துக் கூரையின் கீழ் மூட்டையை வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

புசல்லாவையில் கம்பெனியின் முகவர் ஸெய்னுலாப்தீன்தான். சம்பந்தம் பேசுவதற்கு முன்பிருந்தே அப்படித்தான். அவர் கடை வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். கண்டியிலிருந்து வரும் தந்தியைப் பார்த்து அன்றைய செய்தியை அவர் தன் கையாலேயே எழுதுவார். தந்திக் கம்பி மலைக்கு மேலால் போவதால் அது அறவில்லை. செவ்வாயும் புதனும் வியாழனும் முத்துலிங்கம் அவருக்கு ஒரே சொல்லை அனுப்பினார். வழக்கம்போல்.

ஸெய்னுலாப்தீன் அதை எழுதினார். கடைவீதி ஆட்கள் இரண்டு கட்டை நடந்து போய் மண்ணைப் பார்த்தார்கள். திரும்பி வந்து பலகையைப் பார்த்தார்கள். பிறகு அவருடைய தராசையும் ஒருதரம் பார்த்தார்கள்.

இது கண்டிக்குத் தெரியாது. ஹாஜியாருக்கு வேறு கவலை இருந்தது. புதன் இரவு முழுவதும் மழை. வியாழன் காலை, வழக்கம்போல் என்ற தந்தி போன கையோடு, இரண்டாவது தந்தியையும் அனுப்பச் சொன்னார். மண் விழுந்து பாதை அடைபட்டுவிட்டது, நிக்காஹை வருகிற வெள்ளிக்கு வைத்துக்கொள்வோம் என்று.

இரண்டு தந்திகளும் ஒரே தபால்காரனின் கையில் ஸெய்னுலாப்தீனிடம் போய்ச் சேர்ந்தன.

மத்தியானம் பதில் வந்தது. இங்கிலீஷில் இருந்தது. முத்துலிங்கம் வாசித்துத் தமிழில் சொன்னார். பலகையில் பஸ் வழக்கம்போல் என்று எழுதியிருக்கிறேன். மாப்பிள்ளை பஸ்ஸில் வரட்டும். நாளை அஸர் தொழுகைக்குள் வராவிட்டால் நுவரெலியாவிலிருந்து என் மச்சினன் மகன் மாப்பிள்ளையாக வருவான். அந்தப் பாதை திறந்திருக்கிறது.

ஹாஜியார் கதிரையில் உட்கார்ந்தார். மறுபடி வாசிக்கச் சொன்னார். முத்துலிங்கம் மறுபடி வாசித்தார். மொழிபெயர்ப்பு முதல் தடவையைவிட நன்றாக அமைந்தது.

"மாஸ்டர், நீங்க எழுதின பொய்ய அந்த மனிசன் நம்பிட்டாரே," என்றார் ஹாஜியார்.

"பொய் எண்டு சொல்லேலாது ஹாஜியார். புறப்படும் எண்டுதான் எழுதினனான். போய்ச் சேரும் எண்டு எழுதேல்லை."

வேறு நாளாக இருந்தால் அந்தப் பதிலுக்கு ஹாஜியார் சிரித்திருப்பார். பத்திரிகைக்கு அப்படியே எழுதச் சொல்லியிருப்பார்.

பின்னேரம் கம்பளையிலிருந்து திரும்பிவந்த பளீலைக் கூப்பிட்டார்கள். பளீல் செவ்வாயன்றே ஒரு லொறியில் தொற்றிக்கொண்டு போய் இடத்தைப் பார்த்தவன். பஸ் மண் விழுந்த இடத்துக்கு இந்தப் பக்கம் வரை போகும் என்றான். அதற்கு அப்பால் பஸ்ஸும் போகாது, ஆளும் போக முடியாது; சேறு இன்னும் நகர்கிறது. ஆனால் மேலே தேயிலைக்குள்ளால் ஏறிச் சுற்றினால் அந்தப் பக்கம் இறங்கலாம். அட்டை கடிக்கும். நேரம் எடுக்கும். கொழுந்துக்காரர் போகிற வழி.

ஹாஜியார் அதை ஒத்துக்கொள்ளவில்லை. பஸ் முதலாளியின் மகன் முழங்கால்வரை சேற்றோடு தேயிலைக்குள்ளிருந்து வெளியே வந்தால், லொறிக்காரன் என்றுகூடச் சொல்லமாட்டார்கள். நடைக்காரன் என்பார்கள்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். நாளை ஜும்ஆ முடிந்ததும் கலியாணக் கூட்டத்தோடு பஸ் மண் விழுந்த இடத்துக்குப் போகும். ஸெய்னுலாப்தீன் அந்தப் பக்கம் வந்து தன் கண்ணால் பார்க்கட்டும். பார்த்தால் மனம் இரங்கும். அதற்கும் ஒரு தந்தி போயிற்று. கம்பெனிக்குப் புசல்லாவைப் பாதையில் மூன்று பஸ்கள். மூன்றும் கண்டியில்தான் அகப்பட்டுக் கிடந்தன. நல்லதாக ஒன்றைத் தெரிந்தெடுத்து, கழுவி, முகப்பில் தென்னங்குருத்தும் வண்ணக் கடதாசியும் கட்டினார்கள்.

அதில் வேறு ஆட்கள் ஏறக்கூடாது. ஆகவே முத்துலிங்கம் வெள்ளிக்கிழமை காலை பலகையில் எழுதினார். மண்சரிவு. இன்று புசல்லாவைக்குப் பஸ் இல்லை.

அந்தக் கிழமையில் அவர் எழுதிய முதல் உண்மை அதுதான். சொற்கள் குறைவாக இருந்தன. அழகில்லை.

யாரோ வாசித்துச் சொன்னார்கள். சனம் பலகையைப் பார்த்தது. பலகைக்குக் கீழே தென்னங்குருத்துக் கட்டி, எஞ்சின் முடுக்கி, ஒரு பஸ் நிற்பதையும் பார்த்தது. ஓடாத நாட்களில் ஓடும் என்று எழுதிய கம்பெனி இன்று இல்லை என்று எழுதுகிறது. அப்படியென்றால் இன்றைக்குத்தான் பாதை திறந்திருக்கிறது. முதலாளி வீட்டுக் கலியாணத்துக்குப் பஸ்ஸை எடுத்துக்கொண்டு ஏழைகளை இறக்கிவிடப் பார்க்கிறார்கள்.

முத்துலிங்கம் வாங்கில் ஏறி நின்று விளக்கினார். உண்மையாகவே பஸ் இல்லை என்றார். உண்மையாகவே என்ற சொல் அவருக்கு எதிராகவே வேலை செய்தது. ஒரு கிழவர், அப்படியானால் இந்தச் சாமான் என்ன, கட்டிலா என்று கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் ஜும்ஆத் தொழுகை முடிந்து அத்தர் மணக்க வந்து சேர்ந்தபோது பஸ்ஸில் பாதி இருக்கைகளில் மூட்டைகள் இருந்தன. மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். முன் வாங்கில் அங்கம்மா.

ஹாஜியார் பொலிஸைக் கூப்பிடலாமா என்று யோசித்தார். மற்றக் கம்பெனியின் முதலாளி தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஹாஜியார் புன்னகையோடு எல்லோரையும் ஏறச் சொன்னார்.

மாப்பிள்ளை தாஸிம் வெள்ளை அங்கியும் ஜரிகைத் தலைப்பாகையுமாக இரண்டு சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்தான். ஒரு சாக்கில் கருவாடு இருந்தது. அவன் அங்கியை ஒடுக்கிக்கொண்டான். அவனை எவரும் ஒன்றும் கேட்பதில்லை.

கம்பளைச் சந்தியில் வெள்ளம் வடிந்து கடைகளின் சுவரில் பழுப்புக் கோடு விட்டிருந்தது. பஸ் நிற்காமல் மேலே ஏறியதும் பயணிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தாங்கள் நினைத்தது சரிதான். பாதை திறந்துதான் இருக்கிறது. அங்கம்மா மாப்பிள்ளைக்கு வெற்றிலை நீட்டினாள். நல்லா இருங்க தம்பி என்றாள்.

ஒரு திருப்பத்தில் பளீல் பிரேக்கை மிதித்தான்.

பாதை அங்கே முடிந்தது. மேலேயிருந்து கீழே ஓடைவரை செம்மண் வழிந்து கிடந்தது. அதில் தேயிலைச் செடிகள் சாய்ந்தும் தலைகீழாகவும் நின்றன. நடுவால் தண்ணீர் பாய்ந்தது. கல் ஒன்று உருண்டு போகும் சத்தம் நின்று நின்று கேட்டது. அப்பால், மறுபடி பாதை தொடங்கும் இடத்தில், கறுப்புக் குடையோடு ஸெய்னுலாப்தீன் நின்றார். பக்கத்தில் நிக்காஹ் ஓதிவைக்கும் லெப்பையும் சில பெரியவர்களும். அவர்கள் வந்த தோட்டத்து லொறி பின்னால் நின்றது. அதில் நெல்லிக்காய் அளவு கடதாசிப் பூக்கூடக் கட்டியிருக்கவில்லை.

எல்லோரும் இறங்கினார்கள். பயணிகள் மண்ணைப் பார்த்தார்கள்.

ஹாஜியார் விளிம்புவரை போய்க் கையை விரித்து மண்ணைக் காட்டினார். பாத்தீங்களா நானா என்று அண்ணன் முறை வைத்துக் கத்தினார். இது அல்லாஹ்வின் செயல், நாங்கள் என்ன செய்ய என்றார்.

ஸெய்னுலாப்தீன் குடையைச் சாய்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"மண்ண நான் செவ்வாய்க்கிழமையிலேரிந்து பாக்கிறன் ஹாஜியார். நான் மண்ணப் பாக்க வரல்ல."

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஹாஜியாருக்கு இப்போதுதான் விளங்கியது. தந்தியில் இருந்த கோபம் ஏமாந்தவனின் கோபமல்ல. தன் கையெழுத்தில் மூன்று நாள் பொய் எழுதிய மனிதனின் கோபம்.

இங்கிருந்தே நிக்காஹை நடத்தலாமா என்று பெரியவர்கள் கலந்து பேசினார்கள். லெப்பை நிதானமானவர். பெண்ணைத் தரும் தகப்பனான வலியும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் காண வேண்டும், சாட்சிகள் இருவரையும் காண வேண்டும், ஒவ்வொரு சொல்லும் இரண்டு பக்கமும் தெளிவாகக் கேட்க வேண்டும், அப்படியானால் நடுவில் மண் கிடப்பதால் மஜ்லிஸ் என்கிற சபை முறியாது என்று சொன்னார். அந்தப் பொறுப்பைத் தான் ஏற்பதாகவும் சொன்னார். ஹாஜியாரின் முகத்தில் இரத்தம் திரும்பியது. தாஸிமின் தலைப்பாகையைத் தானே நேராக்கினார்.

ஸெய்னுலாப்தீன் கையை உயர்த்தினார். சொல் கேட்கிறதா என்று முதலில் பார்ப்போம் என்றார். தான் இன்றைக்கு இன்னும் பலகை எழுதவில்லை. என்ன எழுத வேண்டும் என்று ஹாஜியார் தன் வாயால் சொல்லட்டும். அது தெளிவாகக் கேட்டால் மற்றதும் கேட்கும். கேட்காவிட்டால் நிக்காஹ் இல்லை. நுவரெலியாக்காரன் கடையில் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

ஹாஜியார் திரும்பி முத்துலிங்கத்தைப் பார்த்தார். முத்துலிங்கம் காதுக்குள் சொன்னார். ஹாஜியார் கத்தினார். சீரற்ற காலநிலையை முன்னிட்டுச் சேவை மட்டுப்படுத்தப்பட்டுள்ளது.

"கேக்கல்ல," என்றார் ஸெய்னுலாப்தீன்.

முத்துலிங்கம் மறுபடி குனிந்தார். ஹாஜியார் மறுபடி கத்தினார். பயணிகளின் பாதுகாப்பைக் கருதிப் போக்குவரத்துத் தற்காலிகமாக மாற்றியமைக்கப்பட்டுள்ளது. குரல் எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. மாற்றியமைக்கப்பட்டுள்ளது, மாற்றியமைக்கப்பட்டுள்ளது.

"மலைக்குக் கேட்ட மாதிரி ஈக்கி. எனக்குக் கேக்கல்ல."

லெப்பை தாடியைத் தடவியபடி ஓடையைப் பார்த்தார். சாட்சிகளில் ஒருவர் இருமினார்.

முத்துலிங்கம் மூன்றாவது தடவை வாயைத் திறந்தபோது ஹாஜியார் அவருடைய மார்பில் கைவைத்துத் தள்ளினார். பெலக்கத் தள்ளவில்லை. கதவைச் சாத்துவதுபோல். பின்னால் பார்த்தார். பஸ் நிலையத்துச் சனம் பாதி அங்கே நின்றது. செவ்வாயன்று கம்பளைக்குப் போனவர்கள், புதனன்று கம்பளைக்குப் போனவர்கள். அவர்களில் ஒருவன் நாளைக்குக் கண்டிக்குப் போனாலே போதும். மற்றக் கம்பெனி முதலாளி மத்தியானத்துக்குள் பாட்டாகவே படிப்பார்.

மகனையும் பார்த்தார். மகன் சேற்றில் பட்டுவிடாமல் அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான்.

"பஸ் ஓடல்ல," என்றார் ஹாஜியார்.

ஸெய்னுலாப்தீன் காதில் கையை வைத்தார்.

"பஸ் ஓடல்ல நானா. செவ்வாயும் ஓடல்ல. புதனும் வியாழனும் ஓடல்ல. ஓடினதெண்டு நாங்க செல்லினது பொய்."

பிறகு அங்கம்மா பக்கத்தில் நின்ற கிழவரிடம் சொன்னாள், குரலை உயர்த்தாமல்.

"இதத்தாங்க கேட்டுக்கிட்டு இருந்தோம். இவ்வளவுதான் வசனம்."

அந்தப் பக்கம் ஸெய்னுலாப்தீன் தலையாட்டினார். கேட்டது என்றார்.

நிக்காஹ் நடந்தது. லெப்பை குத்பா ஓதினார். ஸெய்னுலாப்தீன் மகளை மஹரோடு தந்ததாகச் சொன்னார். தாஸிம் ஏற்றுக்கொண்டதாகச் சொன்ன நேரம் ஒரு கல் உருண்டது. லெப்பை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். தாஸிம் சொன்னான். அவனுக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது அவன் தகப்பனுக்கே அன்றுதான் தெரிந்தது. இரண்டு பக்கத்துச் சாட்சிகளும் கேட்டோம் என்றார்கள். துஆ ஓதினார்கள். ஹாஜியார் கண்ணைத் துடைத்தார். சம்பந்தி என்று ஒருதரம் கூப்பிட்டார். எதிர்ப்பக்கம் இருந்தும் சம்பந்தி என்று பதில் வந்தது. பாதை வெட்டியதும் பெண்ணை அழைத்துப்போக வருவதாகப் பேசிக்கொண்டார்கள். ஹாஜியார் கொண்டுவந்த பேரீச்சம்பழத்தைப் பயணிகளுக்கும் கொடுக்கச் சொன்னார்.

பயணிகள் பேரீச்சம்பழத்தைத் தின்றார்கள். அவர்கள் போக வேண்டிய ஊர் இன்னும் அந்தப் பக்கம்தான் இருந்தது. பொழுது சாயத் தொடங்கியிருந்தது. தேயிலைக்குள்ளால் சுற்றிப் போகலாம் என்று பளீல் காட்டினான். போவதென்றால் போகலாம். ஆனால் அந்தப் பக்கம் இறங்கி மேலே தோட்டங்களுக்குப் போகப் பஸ் இல்லாவிட்டால், ஒரு மூட்டையோடு இருட்டில் அட்டைக்குள் நடக்க வேண்டும். இங்கேயே தங்குவதா, போவதா என்று அதைப் பொறுத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அன்று ஒரு மனிதர் உண்மையைக் கேட்டு வாங்கியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஆகவே அவரையே கேட்டார்கள். அங்கம்மாதான் கேட்டாள்.

"கடைக்கார ஐயா, அந்தப் பக்கம் பஸ்ஸு நிக்குதுங்களா?"

ஸெய்னுலாப்தீன் அவளைப் பார்த்தார். பிறகு ஹாஜியாரைப் பார்த்தார். ஹாஜியார் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைப் பஸ்ஸின் நெற்றியில் நளீர் மோட்டார் கம்பெனி என்று எழுதியிருந்தது. இனி அது அவருடைய மருமகனின் பெயருமாகும். பேரப்பிள்ளைகளின் பெயருமாகும்.

அவர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"வரும்," என்றார். "கொஞ்சம் நில்லுங்க. இப்ப வரும்."

தெளிவாகக் கேட்டது. லெப்பை லொறியை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

அங்கம்மா மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டாள். சேலையை முழங்காலுக்கு மேலே இழுத்துச் செருகினாள்.

"நிக்காஹ் முடிஞ்சிருச்சு," என்று கிழவரிடம் சொன்னாள். "இனி அவரையும் கேக்கக் கூடாது. வாங்க, போவோம்."

அவள் தேயிலைக்குள் ஏறினாள். கிழவர் பின்னால் ஏறினார். பிறகு ஒவ்வொருவராக மற்றவர்களும். செடிகளுக்கு மேலே மூட்டைகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன.

முத்துலிங்கம் பஸ் படியில் உட்கார்ந்து, ஸெய்னுலாப்தீன் சொன்னதை மெல்ல ஒருதரம் சொல்லிப் பார்த்தார். கொஞ்சம் நில்லுங்க. இப்ப வரும். இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தார்.

அதில் திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.